பின்னோட்டப் பொத்தான்

கடந்த கோடை விடுமுறைக்கு அய்யம்பாளையம் வந்த தம்பி மகள், பெங்களூரிலிருந்து தன் பிளேஸ்டேஷன் பெட்டியையும் சுமந்து வந்திருந்தாள். மலையடிவாரத்துத் தோப்பு வீட்டில் பொழுது போகாது என்பது அவள் கணிப்பு. கோடை மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அதனைத் தொலைக்காட்சியோடு இணைத்து, "பெரியப்பா, இது உங்க காலத்து கேம்" என்று ஜாய்ஸ்டிக்கை நம் கையில் திணித்தாள். தொப்பியும் கைத்தடியுமாகத் திரையில் ஒரு வாத்து துள்ளி வந்தது. அதனைக் கண்டு முப்பது ஆண்டுகள் இருக்கும்.

நம் வயதொத்தவர்க்கு அவ்வாத்து அந்நியமன்று. அமெரிக்க ஓவியர் கார்ல் பார்க்ஸ் 1947இல் படைத்த ஸ்க்ரூஜ் மக்டக் என்னும் கருமியே அவர். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையின் கருமியிடமிருந்து வந்தது அவர் பெயர்; கருமிக்குப் பெயரும் கடன்தான். தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் அவர் கதைகளை இந்தியில் ஒளிபரப்பியபோது, ஞாயிறு பூசை முடிந்து ஓடிவந்து, ஒரு சொல்லும் விளங்காமலே பார்த்து மகிழ்ந்தோம்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1989இல் அவரை வீடியோ கேம் ஆக்கியது. கைத்தடியை ஊன்றித் துள்ளியபடி, அமேசான் காடு முதல் நிலவு வரை ஐந்து இடங்களில் புதையல் தேட வேண்டும். இமயமலைப் பனியில் கவனமின்றித் துள்ளினால் தடி புதைந்துகொள்ளும். கொடுத்த உயிர்கள் தீர்ந்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். இடையில் சேமித்து வைக்க வழியில்லை. நிண்டெண்டோ கருவியின் மலிவான நகல்கள் நம் ஊர்களுக்கு வந்த காலம் அது. நாமும் தம்பியும் கேசட்டின் அடிப்புறத்தை ஊதித் தூசி போக்கிச் செருகி ஆடுவோம். நிலவை எட்டும் வேளையில் மின்சாரம் போகும். அதுவரை சேர்த்த புதையல் அனைத்தும் ஒரு கணத்தில் இல்லாதொழியும். அழுதாலும் வராது.

2017இல் அதே நிறுவனம் இவ்வாட்டத்தையும் இதன் உடன்பிறப்புகள் ஐந்தையும் துலக்கி மெருகேற்றி ஒரே தொகுப்பாக வெளியிட்டது. சிறுமி கொண்டுவந்தது அதுவே. ஆட்டம் பழையது, பொத்தான் ஒன்று புதியது. அதனை அழுத்திப் பிடித்தால், ஒலிநாடா பின்னோக்கிச் சுழல்வதுபோல் ஆட்டம் பின்னோக்கி ஓடுகிறது. பள்ளத்தில் விழுந்த வாத்து மேலெழும்பி வருகிறது. இழந்த உயிர் திரும்புகிறது. நாம் பனியில் புதைந்து திகைத்தபோது, "ஏன் பெரியப்பா முழிக்கிறீங்க? பின்னால போங்க" என்றாள். போனோம். வயதேறிய விரல்களுக்கு அது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நடந்ததை நடவாததாக்க எல்லாம் வல்ல இறைவனாலேனும் இயலுமா? மறைவல்லுநர்கள் இதனை விளையாட்டாகக் கேட்டவர்கள் அல்லர். 11ஆம் நூற்றாண்டில் புனித பேதுரு தமியான், மோந்தே கசினோ மடத்து உணவு மேசையில் எழுந்த விவாதமொன்றைத் தொடர்ந்து, இதுகுறித்து நெடியதொரு மடல் வரைந்தார். இறைவல்லமைக்கு எல்லை கட்டுவோரை அதில் கடிந்துகொண்டார். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குயினா வேறு முடிவு கண்டார். நடந்தது நடக்கவில்லை என்பது தன்னிலேயே முரண். முரணானது வல்லமைக்கு உட்படும் பொருளே அன்று. பாவியின் கறையை இறைவன் போக்கலாம். அவன் பாவம் செய்தான் என்பது மட்டும் நடந்ததாகவே இருக்கும். இளமையில் இவற்றைப் படித்தபோது தமியான் பக்கமே நின்றோம். இப்போது அக்குயினாவின் கூற்று கசப்பு மருந்துபோல் இறங்குகிறது. காரணம் தத்துவமன்று.

1995 கோடையில், தேங்காய் வெட்டியவர்களுக்குக் கொடுக்கவென்று அப்பா அலமாரியில் வைத்திருந்த கூலிப் பணத்தில் நூற்றைம்பது ரூபாயை எடுத்தோம். (இவ்விடத்தில் மட்டும் 'நாம்' என்பதை 'நான்' என்றே வாசகர் கொள்க; குற்றத்துக்குப் பங்காளிகளைச் சேர்க்க விருப்பமில்லை.) திண்டுக்கல் சென்று அந்த வாத்து கேசட்டை வாங்கினோம். அப்பா வீட்டுக்குள் வந்தபோது அது தம்பியின் கையில் இருந்தது. அடிக்கும்போது காரணம் சொல்வது அவர் வழக்கமன்று. புளிய விளார் முறியும்வரை அடித்தார். நாம் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னர் அவர் பக்கத்துத் தோப்பில் கடன் வாங்கிக் கூலியைக் கொடுத்தார். கேசட்டை உடைக்கவில்லை. அதில்தான் நாம் நிலவுக்குச் சென்றதெல்லாம்.

அடியின் தழும்பு ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அதன்பின் பணப்பெட்டியின் சாவி நம்மிடமே வந்தது. பணம் கொடுத்து வத்தலக்குண்டு சந்தைக்குத் தம்பியை அனுப்பியதே இல்லை. 2011இல் அப்பா கண்மூடியபோது, மூத்தவன் நேர்மையானவன் என்ற எண்ணத்தோடே கண்மூடினார்.

குருவானவரிடம் இதனைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றதுண்டு. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அப்பாவின் சட்டைப்பையில் நூற்றைம்பதை மறைவாக வைத்துவிட்டுக் கணக்கு நேரானதென்று எண்ணிக்கொண்டோம். சக்கேயு நான்மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னது எல்லார் காதிலும் விழும்படி. நாமோ சட்டைப்பையோடு முடித்துக்கொண்டோம். தம்பியின் நற்பெயர் எந்தப் பையிலும் போய்ச் சேரவில்லை.

அந்தப் பொத்தான் நம்மிடம் இருந்திருந்தால் எக்கணத்தில் போய் நிறுத்தியிருப்போம்? அலமாரியைத் திறந்த கணத்தில் என்றே முதலில் தோன்றியது. சிறுமி ஆடுவதைக் கூர்ந்து நோக்கியபின் ஐயம் வந்தது. அவள் நெடுந்தூரம் பின்செல்வதில்லை; தப்பித்திருக்கக்கூடிய கடைசி இடம்வரை மட்டுமே செல்கிறாள். அப்படியெனில் நம் கணம் கிணற்றடியில் இருந்தது. அதற்குப் பின்னும் இருந்தது; பதினாறு ஆண்டுகள், சாவியை வாங்கிய ஒவ்வொரு முறையும் இருந்தது. அக்கணங்களுக்கு எந்தப் பொத்தானும் தேவைப்படவில்லை. வாய் போதுமாயிருந்தது.

மறுநாள் தம்பியிடம் சொன்னோம். "கேசட்டுக்கா அந்த அடி? மோட்டார் ரூமைத் தொறந்து போட்டதுக்குன்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தான். சிறிது நேரம் கழித்து, "அப்ப சாவி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். திரையில் வாத்து துள்ளிக்கொண்டிருந்தது. "அப்பாகிட்டச் சொன்னீங்களா அண்ணே?" என்று கேட்டான். இல்லை என்றோம். அதற்குமேல் அவன் ஒன்றும் பேசவில்லை. மன்னித்தானா என்று கேட்கும் துணிவு நமக்கும் இல்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலைந்தபின், அப்பாவின் கல்லறை முன் நின்று, தொகை உட்பட எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னோம். சற்றுத் தள்ளி நின்ற சிறுமி, "பெரியப்பா யார்கிட்டப் பேசுறாங்க?" என்று கேட்டாள்.

"தாத்தாகிட்ட" என்றான் தம்பி. காற்றில் அணைந்திருந்த மெழுகுதிரியைக் குனிந்து அவனே மறுபடி ஏற்றினான்.