யார் அசைக்கிறார் குடலை?

கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகளின் ஜீவசமாதிக்கு வருகிறவர்கள், உடலை விட்ட பிறகும் அவர் அங்கே இருக்கிறார் என்று நம்பித்தான் கைகூப்புகிறார்கள். உடல் வேறு, உயிர் வேறு என்ற அந்த நம்பிக்கைக்கு ஒரு உரைகல், யாரும் எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது: கினிப்பன்றியின் சிறுகுடலில்.

1899இல் லண்டனில் உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்தார்கள். குடல் நிற்கவில்லை. உள்ளே இருந்த பொருளுக்கு மேலே சுருங்கி, கீழே தளர்ந்து, அதைத் தள்ளிக்கொண்டே போனது. 1917இல் டிரெண்டலென்பர்க் கினிப்பன்றியின் குடல் துண்டை வெட்டியெடுத்து உப்புக்கரைசலில் வைத்தார். அதுவும் அலையலையாக அசைந்தது.

அடிலெய்டில் பர்னஸ், கோஸ்டா குழுவினர் அந்தக் குடலின் நரம்பணுக்களை வேதிப்பொருளைக் கொண்டே இனம் பிரித்தார்கள். சுருக்கும் அணுவில் அசிட்டைல்கோலினும் சப்ஸ்டன்ஸ் பி-யும். தளர்த்தும் அணுவில் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி. உணரும் அணுவில் கால்பிண்டின் என்ற புரதம். சுண்டெலியிலோ கால்பிண்டின் அத்தனை தெளிவான அடையாளம் அல்ல. உயிரினத்துக்கு உயிரினம் இந்தக் குறியீடு மாறுகிறது.

உணர்வதும் முடிவெடுப்பதும் செய்வதும் அந்தத் துண்டுக்குள்ளேயே நடக்கிறது என்றால், உயிருக்கு அங்கே என்ன வேலை?

திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த சைவ சித்தாந்தி மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டிலேயே இதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார். தூக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சி இல்லை. ஆகவே மூச்சு உயிர் அல்ல என்பது அவருடைய சிவஞானபோதத்தின் வாதங்களில் ஒன்று. குடலும் அப்படித்தான், நாம் தூங்கும்போதும் உழைக்கிறது. இயக்கம் இருப்பதாலேயே அங்கே அனுபவிக்கிற ஒருவர் இருந்தாக வேண்டியதில்லை. கினிப்பன்றியின் குடல் மெய்கண்டாரைக் கவிழ்க்கவில்லை, அவருக்குச் சாட்சி சொல்கிறது.

ஆனால் ஒரு முள் மிஞ்சுகிறது. சடமான, அதாவது அறிவற்ற, கருவிகள் தாமாக இயங்கா என்பதும் சைவ சித்தாந்தம்தான். கரைசலில் கிடந்த துண்டை எந்த உயிர் இயக்கியது? அந்த அசைவைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சித்தர்களுக்கு அன்றே எல்லாம் தெரியும் என்று மழுப்புவதும் நேர்மையல்ல. சடம் என்ற சொல்லுக்குள் இத்தனை திறமை அடங்கும் என்று சித்தாந்திகள் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதனால் உயிர் சிறுத்துவிடாது. எல்லாவற்றையும் நானே நடத்துகிறேன் என்கிற ஆணவம்தான் சிறுக்கும்; அதைத்தானே அவர்களும் மலம் என்றார்கள்!

கருவியே குறைந்தால் என்ன ஆகும்? சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்று, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் குடலின் இந்த நரம்பணுக்கள் இல்லாமலே பிறக்கிறது. அந்தப் பகுதி தளர மறுப்பதால் வயிறு உப்புகிறது, மலம் இறங்குவதில்லை. அந்தக் குழந்தையிடம் உயிர் குறையவில்லை, கருவிதான் குறைந்தது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் எனப்படும் இதைக் கண்டறிய மலக்குடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, கால்ரெட்டினின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்க்கிறார்கள். இல்லை என்று உறுதியானால், நரம்பணு இல்லாத பகுதியை அறுவை மருத்துவர் வெட்டி நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கிறார்.