துயரத்தை நீக்கலாமா?

பெரியவர்களுக்கென எழுதப்பட்ட கதையைச் சிறுவர்க்கு உரியதாக மாற்றும்போது எதை விடலாம், எதை விடலாகாது? இவ்வினா கலைஞர்க்கு மட்டும் உரியதன்று; பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நம் அனைவர்க்கும் உரியது. ஓர் எடுத்துக்காட்டின் வழியே இதனைச் சிந்திப்போம்.

ரிச்சர்டு ராஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய ‘தி கிங் அண்ட் ஐ’ என்னும் இசை நாடகம் 1951-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. சயாம் மன்னர் மோங்குட்டின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சென்ற ஆசிரியை அன்னாவின் கதை அது. 1999-இல் ரிச்சர்டு ரிச் அதனைக் கார்ட்டூன் படமாக இயக்கினார்.

நாடகத்தில், பர்மாவிலிருந்து மன்னருக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்ட துப்திம் என்னும் இளம்பெண்ணின் உள்ளம் வேறொருவனிடம் இருக்கிறது. தப்பியோடிப் பிடிபட்டவளை அடிக்க மன்னர் சாட்டையை ஓங்குகிறார். அன்னாவின் கண்முன்னே அடிக்க இயலாமல் அகன்றுவிடுகிறார். காதலன் ஆற்றில் பிணமாகக் கிடைக்கிறான். முடிவில் தந்தை மரணப் படுக்கையில் கிடக்க, இளவரசர் சூலலங்கோர்ன், இனி எவரும் அரசன்முன் தரையில் வீழ்ந்து பணிய வேண்டியதில்லை என அறிவிக்கிறார்.

கார்ட்டூன் படத்திலோ மன்னர் பிழைத்துக்கொள்கிறார். துப்திமின் காதலர் இளவரசரே ஆகிவிடுகிறார். முதலமைச்சர் மாயவித்தை புரியும் சதிகாரராக்கப்படுகிறார்.

மாற்றியதே குற்றம் என்று நாம் கூறவில்லை. நாடகமும் வரலாற்றை மாற்றியதே. மோங்குட் 1868-இல் காலமானபோது அன்னா சயாமில் இல்லை. முந்திய ஆண்டே புறப்பட்டுவிட்டார். தரையில் வீழ்ந்து பணியும் வழக்கம் நீக்கப்பட்டதும் 1873-இல்தான். ஆயினும் நாடகாசிரியர் இவற்றை ஒரே காட்சியில் இணைத்ததால், ஒரு தலைமுறை மறைய மற்றொன்று எழும் உண்மை துலங்கியது. அம்மாற்றம் பொருளை ஆழப்படுத்தியது. படத்தின் மாற்றமோ அப்பொருளையே அகற்றிவிட்டது.

சிறுவர் அஞ்சுவரே எனலாம். அவர்களுக்காகப் பாடல்களைக் குறைக்கலாம். குரங்கின் சேட்டைகளையும் சேர்க்கலாம். ஆனால் தாத்தாவின் பாடையைத் தெருவில் கண்ட குழந்தைக்கு மரணம் புதியதன்று. அதைப் பற்றி எவரும் தன்னிடம் பேசாமையே அதனை மிகுதியும் அச்சுறுத்தும்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. நாடகத்தில் தீமை தனியே ஓர் ஆளாய் வந்து நிற்பதில்லை; பிள்ளைகளை நேசிக்கும், கல்வியை விரும்பும் அதே மன்னரின் கையில்தான் சாட்டை இருக்கிறது. ஓங்கிய கை தளரும் அந்நொடியிலேயே அவருடைய மனப்போராட்டம் நமக்குப் புலனாகிறது. பழியின் பெரும்பகுதியை ஒரு மாயாவியின்மேல் சுமத்திவிட்டால், தீயவன் எப்போதும் வேறொருவனே என்று குழந்தை கற்றுக்கொள்ளும். வளர்ந்தபின் தன் கையிலுள்ள சாட்டையை அது அடையாளம் காணுமா?

குழந்தையின் வயதுக்கேற்பக் குரலைத் தாழ்த்துவது அன்பு. உண்மையையே நீக்குவது அன்பாகாது. துயரத்தைச் சொல்லிவிட்டு, கதை முடியும்வரை குழந்தையின் அருகே அமர்ந்திருப்பதே பெரியவர்களாகிய நம் கடமை.