ஏறும் காலும் ஏற்றும் கையும்

விளையாட்டுக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அரபு மொழி இரு சொற்களால் காட்டிவிடுகிறது. ‘லஇப்’ என்பது விளையாட்டு. ‘முஸாபகா’ என்பது ஒருவரையொருவர் முந்த முயல்வது. முன்னதில் ஆடுபவனே எசமான். விரும்பியபோது தொடங்குவான், அலுத்தபோது வீடு திரும்புவான். பின்னதில் எல்லைக்கோடும் நடுவரும் கால அட்டவணையும் உண்டு. அவனது அலுப்பை அங்கே எவரும் விசாரிப்பதில்லை. ஒரு பிள்ளை முதலாவதை விட்டு இரண்டாவதற்கு ஏறும்போது ஆட்டத்தின் பெயர் மாறுவதில்லை. அதன் உரிமையாளர் மாறிவிடுகிறார். பெற்றோர் பலரும் காணத் தவறுவது இதனைத்தான்.

இப்பொருளைப் பற்றி எழுதக் காரணம் ஒன்றுண்டு. நம்மிடம் ஓதும் பிள்ளைகளுள் ஒருவனுக்கு 13 வயது. வயதுக்கு மீறிய உயரம். அஸருக்குப் பின் பள்ளிக்கூடத் திடலில் வாலிபால் ஆடுவான். மாவட்டத் தெரிவுக்கு அனுப்பலாம், தேறினால் அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்கலாம் என்று உடற்பயிற்சி ஆசிரியர் கூறிவிட்டார். படிப்புக் கெட்டுவிடும் என்கிறார், வளைகுடாவில் இருக்கும் வாப்பா. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்கும் என்கிறார் தாய்மாமன். “நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள், ஹஜரத்” என்று உம்மா நமக்குச் சொல்லியனுப்பினார். மூவர் பேச்சையும் கேட்டோம். பிள்ளையின் பேச்சு அவற்றுள் எங்கும் இல்லை.

விளையாட்டு வீண் என்று தொடங்குவோருக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு நல்ல விளையாட்டை அனுமதிக்க வேண்டும் என்கிறார். ஓயாத படிப்பு உள்ளத்தைச் சாகடித்து அறிவை மழுங்கச் செய்யும் என்பது அவர் காட்டும் காரணம். அந்த விளையாட்டு பிள்ளையைக் களைப்புறச் செய்வதாய் இருக்கலாகாது என்றும் அங்கேயே சேர்த்துக் கூறுகிறார். வாப்பா மறந்தது முதற்பகுதியை. மாமன் மறந்தது இந்தச் சிறு சேர்க்கையை.

போட்டியைப் பற்றியும் நம் நூல்கள் வாளாவிருக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்கும் தனிப்பாடமே உண்டு. தொடங்குமிடமும் முடியுமிடமும் அறியப்பட்டிருக்க வேண்டும்; பந்தயத்தில் இறங்கும் ஒவ்வொன்றுக்கும் வெல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பன ஷாஃபிஈ சட்ட அறிஞர் விதித்த நிபந்தனைகள். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) நடத்திய குதிரைப் பந்தயத்தை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பயிற்றப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை 6 அல்லது 7 மைல் ஓடின. பயிற்றப்படாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறக்குறைய 1 மைல்தான் ஓடின. ஓட வேண்டாம் என்று எந்தக் குதிரையும் ஒதுக்கப்படவில்லை. ஆயத்தமாகாத குதிரையின்மேல் நெடுந்தொலைவு சுமத்தப்படவும் இல்லை.

இந்தப் பிள்ளைக்கு எத்தனை மைல்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. அதற்கு உடலையும் பார்க்க வேண்டும், உள்ளத்தையும் பார்க்க வேண்டும்.

வாலிபால் தாவும் ஆட்டம். வளர்ந்த ஆடவர்க்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், ஓங்கி அடிக்கவும் தாவ வேண்டும், தடுக்கவும் தாவ வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநார் எலும்பைப் பற்றும் இடம் வளரும் பருவத்தில் இன்னும் குருத்தாகவே இருக்கிறது. ஓயாத தாவல் அதனை இழுத்து நோகச் செய்யும். 15, 16 வயது வரை பிள்ளையை ஒரே ஆட்டத்தில் கட்டிப்போட வேண்டாம் என்றும், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு தேவை என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் அறிவுறுத்தியது. வலியை மறைத்துக்கொண்டு ஆடுவது வீரம் என்று கற்பிக்கும் பயிற்சியாளரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாகாது. உடல் அமானத், அதனைச் செலவிடும் உரிமை அவருக்கில்லை.

உள்ளத்தின் கணக்கு இதனினும் கடினம். ஒருவனே தொடர்ந்து இருமுறை பந்தைத் தொடுவதை இவ்வாட்டத்தின் பொதுவிதி அனுமதிப்பதில்லை. எத்துணைத் திறமையிருந்தாலும், தோழன் தூக்கிக் கொடுத்தால்தான் இவன் ஓங்கி அடிக்க முடியும். ஊர்த் திடலில் எல்லாரும் இவனுக்கே தூக்கிக் கொடுத்தார்கள். மேலே போனால் இவனைப் போன்ற உயரமுள்ளோர் பலர். களத்தில் அறுவருக்கே இடம். ஊரில் முதல்வனாய் இருந்தவன் அங்கே கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, பிறன் அடிக்கும் அடிக்குக் கை தட்ட வேண்டியிருக்கும். இதனை அவனுக்கு முன்கூட்டியே சொன்னவர் யார்?

மாமன்மார் பெயர்களைச் சொல்லி ஆசையூட்டுகிறார்கள். வாலிபாலுக்கென 1961இல் அர்ஜுனா விருது பெற்ற பழனிசாமி, அபுதாபியிலும் பின்னர் இத்தாலியிலும் ஆடிப் புகழ்பெற்று 1987இல் விபத்தில் மறைந்த ஜிம்மி ஜார்ஜ், 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற நம் நாட்டு அணி. எல்லாம் மெய்யே. ஆயினும் மாவட்டத் தெரிவோடு நின்றுபோனவர் பெயரை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கரை சேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிக் கடலை அளக்கலாமா?

இனி, நம்மைத் தடுமாறச் செய்த இடத்திற்கு வருவோம். 13 வயதுப் பிள்ளை ‘போகிறேன்’ என்றால், 30 வயதில் நோகப்போகும் முழங்காலுக்கும் சேர்த்தா அவன் சம்மதிக்கிறான்? அது அவனால் இயலாது. ஆகவே பெரியவரே முடிவு செய்யட்டும் என்று வாப்பா வாதிடலாம். ஆனால் தடுப்பதும் ஒரு முடிவன்றோ? 13 முதல் 16 வரையுள்ள ஆண்டுகள் திரும்பக் கிடைப்பவையல்ல. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நடுநிலைபோல் தோன்றினும், மெல்லக் கதவைச் சாத்துவதே ஆகும். அனுப்பினாலும் தடுத்தாலும், நாளைய மனிதன் ஒருவனுக்காக நாம் இன்று கையொப்பமிடுகிறோம். எனவே, எந்த வழியில் திரும்பிவரும் வாசல் அகலமாயிருக்கிறது என்று பார்ப்பதே நேர்மை எனக் கருதுகின்றோம்.

அவ்வாறு பார்த்துத்தான், தெரிவுக்குப் போகட்டும் என்று சொல்லியனுப்பினோம். பள்ளிப் படிப்பு நிற்கலாகாது. ஓராண்டு கழித்து மீண்டும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று திரும்பி வந்தால் வீட்டில் ஒருவரும் அதைக் குத்திக்காட்டலாகாது. வேலைக் கணக்கை அவன் காதுபடப் பேசவும் வேண்டாம் என்றோம். குடும்பத்தின் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை வலைக்கு மேல் தாவுவான்? தொழுகை, நோன்பு பற்றிய ஐயங்களுக்கு நூல்களில் தெளிவான விடையுண்டு. விடுதிப் பொறுப்பாளரிடம் முன்னதாகவே பேசிக்கொள்வது போதுமானது.

‘பெண்பிள்ளையாயிருந்தால் இப்படிச் சொல்வீர்களா?’ என்று ஒருவர் கேட்டார். சொல்வோம். உடையைக் காரணம் காட்டினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் துஆ அல்கோபாஷி தலைமறைப்புடனும் நீண்ட உடையுடனும் கடற்கரை வாலிபால் ஆடினார் என்பதை அவருக்கு நினைவூட்டினோம். பாதுகாப்பைப் பற்றிய கேள்வி வேறு. அதை மகனுக்காகவும் கேட்க வேண்டும். விடுதியில் இரவில் பொறுப்பாயிருப்பவர் யார், பயணத்தில் உடன் செல்பவர் யார் என்று விசாரித்துத் தெளியாமல் எந்தப் பிள்ளையையும் அனுப்ப வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்கும் வேலை உம்மாவுக்கு மிஞ்சியிருந்தது. மாமனும் ஆசிரியரும் தோழர்களும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கும்படி கூறினோம். உடனே பதில் சொல்லாவிட்டால் இரண்டு நாள் விடச் சொன்னோம். தெரிவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.