விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார்?

கடன் தகராறு ஒன்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் வந்தால், "ஸுல்ஹுதான் ஹைர்" என்றே பேச்சுத் தொடங்கும். மறுப்பதற்கில்லை. ஆனால் அது பெரும்பாலும், கொடுக்க வேண்டியவருக்காக, வாங்க வேண்டியவரிடம் சொல்லப்படுகிறது.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம். கஃபு இப்னு மாலிக் (ரழி) தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரழி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்தே கேட்கிறார். குரல்கள் உயர்கின்றன. நபி (ஸல்) அவர்கள் தமது அறையின் திரையை விலக்கி, கஃபை அழைத்து, பாதியைத் தள்ளிவிடுமாறு சைகை செய்கிறார்கள். அவரும் உடனே சம்மதிக்கிறார். நமது பயான்களில் கதை அநேகமாக இவ்விடத்தில் முடிந்துவிடும். நபியவர்களோ கடன்பட்டவரிடம், எழுந்து மீதியைக் கொடுத்துவிடும்படி கூறினார்கள். தள்ளுபடியும் கொடுப்பனவும் ஒரே அமர்வில்!

நமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் வந்தன. சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை. மத்தியஸ்தர்கள் தீர்ப்பும் சொல்வதில்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ், பிறகு நீதிமன்றம். நல்ல ஏற்பாடுதான். (வார இறுதியில் எங்கள் பாடசாலை வாங்குகளில்தான் இச்சபைகள் பல கூடுகின்றன.)

ஒரு விவசாயிக்கு ஆலை முதலாளி நெற்பணம் 2 இலட்சம் ரூபா கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் தருகிறேன் என்கிறார் முதலாளி, அதுவும் தவணையில். அடுத்த போகத்துக்கு விதைநெல் வேண்டும், பசளை வேண்டும். வழக்கென்றால் வருடக்கணக்கில் இழுபடும். விவசாயி "சரி" என்று ஒப்பமிடுகிறார். இது கஃபு (ரழி) அவர்களின் சம்மதத்தைப் போன்றதா? கையாலாகாமையைச் சம்மதம் என்று பதிந்துகொள்கிறோம் என்றே எனக்குப் படுகிறது.

கஷ்டத்திலிருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகரா 280ஆம் வசனம். வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்கிறது ஹதீஸ். அப்படியானால் மத்தியஸ்தர் முதலில் விசாரிக்க வேண்டியது கடன்பட்டவரின் நிலைமையையல்லவா? நடுநிலை தவறும் என்பார்கள். முதலாளி எழுந்து போய்விட்டால் விவசாயிக்கு அந்த ஒரு இலட்சமும் கிடைக்காது என்பார்கள். பின்னது உண்மையான அச்சம். அதையும் விவசாயியிடமே வெளிப்படையாகச் சொல்லி, தீர்மானத்தை அவரிடம் விடலாம். மார்க்கத்தைக் காட்டி அவரை வெட்கப்படுத்துவதுதான் கூடாது.

தவணை தவறினாலும் அலைச்சல் விவசாயிக்குத்தான். மீண்டும் தவிசாளரிடம் போக வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் சான்றிதழுடன் நீதிமன்றம் ஏற வேண்டும். ஆகவே, உடன்படிக்கை எழுதப்படும் அன்றே முதல் தவணைப் பணம் மேசைக்கு வரட்டும், அதன் பின்னர் விவசாயி ஒப்பமிடட்டும்.