தகுதியும் தருணமும்

கோல் அடித்தால் மாலை, தவறினால் வசை: காற்பந்தில் முன்னணி ஆட்டக்காரனுக்கு உலகம் வகுத்த நீதி இதுவே. அடிப்பதற்கு அவனைத் திடலில் இறங்கவிட்டோமா என்று கேட்பார் எவருமிலர்.

மலேசியக் கழகங்கள் பல அவ்விடத்திற்கு அயல்நாட்டாரையே தருவிக்கின்றன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பந்துதைத்து வளர்ந்த இளைஞனோ ஓரத்தில் அமர்ந்திருக்கிறான். அனுபவம் போதாதாம்! ஆடவிடாதவனுக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? கால்களின் வலு சில ஆண்டே. அதுவும் காத்திருப்பிலேயே கழிந்துவிடுகிறது. அயலாரைப் பழிப்பது நம் கருத்தன்று. பிழைக்கக் கப்பலேறி வந்தோரின் பேரர் நாம். நாம் கேட்பது முறை ஒன்றே.

2016-இல் மூன்றாம் படியான எப்.ஏ.எம். லீக்கை வென்ற மிஃபா குழு, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடிற்று. 2021, 2022 ஆகிய இரண்டு பருவங்களிலும் உள்ளூராரை மட்டுமே கொண்டு பெருங்குழுக்களை எதிர்த்தது. கிண்ணம் கிட்டவில்லை, கீழ்ப்படிக்குத் தள்ளப்படவுமில்லை. 2023 பருவத்திற்கு முன் அக்கழகம் விலகிற்று. அது மெய்ப்பித்துக் காட்டியதோ நிற்கிறது.

தோட்டத்துப் பெரட்டில் பெயர் பதியும் கிராணிமாராகிய நாம் கண்டதும் அதுவே: "தகுதியில்லை" என்று உரக்கச் சொல்வோர், வாய்ப்பைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருப்போரே. விதைக்க நிலம் தராமல் விளைச்சலைக் கேட்பது என்ன நியாயம், தோழர்களே?