உண்பவனுக்கும் பங்கு உண்டா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் நல்ல மீன் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்டால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்பார்கள். அதே மாவட்டத்தில்தான் சித்தன்னவாசலும் இருக்கிறது. சிற்றுயிரையும் கொல்லாத சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் அங்குள்ள ஏழடிப்பட்டம் குகையில் உள்ளன. அங்கேயே அறிவர்கோயில் குடைவரையின் விதான ஓவியத்தில், தாமரை இலைகளுக்கிடையே மீன்கள் நீந்துகின்றன. வலையைத் தொடாமல் உண்பதோடு நிற்பவனுக்கும் கொலையில் பங்கு உண்டா? உண்டு என்கிறது திருக்குறளின் ‘புலால் மறுத்தல்’ அதிகாரம். கொல்பவனை இயக்குவது வாங்குபவனின் தேவை என்ற அந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் நெல் வயலில் மருந்தடித்தாலும் உயிர்கள் சாகின்றனவே, சோறு மட்டும் தூயதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்தச் சாப்பாட்டு இலையும் முழுத் தூய்மையானது இல்லை என்பதை அது காட்டுகிறது. எல்லா இலையும் ஒன்றே என்று காட்டவில்லை. பாக் நீரிணையில் இழுவலை தரையோடு வாரிவரும் குஞ்சு மீன்கள் யாருடைய பசியையும் ஆற்றாமல் தீவனத் தூளாகப் போகின்றன. நாட்டுப்படகுக்காரர் வலையில் அந்த அழிவு குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறது, நம் நாக்கை அல்ல. வயிற்றடியில் ஆரஞ்சு நிற முட்டைக்கொத்து ஒட்டியிருக்கும் சினை நண்டை ருசிக்காகத் தேடி வாங்கும்போது, அதன் அடுத்த தலைமுறையையும் சேர்த்தே கேட்கிறோம். கரையில் வாழ்பவரிடம் மீனை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த நண்டை வேண்டாமென்பது வாங்குபவரின் கையில் இருக்கிறது.