யாருடைய 30 யூனிட்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பல தெருக்களில் கரண்ட் இல்லை. அப்படியொரு இருட்டுத் தெருவில், 30 யூனிட் சார்ஜோடு ஒரு மின்கார் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சிக்கனமாக ஓட்டினால் ஒரு வீட்டுக்கு மூன்று நாள் தாங்கும். அது யாருடையது?

காசு கொடுத்தவருடையது, இதிலென்ன சந்தேகம் என்பீர்கள்.

கார் பேட்டரியிலிருந்து கிரிட்டுக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருவதைப் ‘பகிர்வு’ என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மாலையில் விலை ஏறும்போது விற்பது வியாபாரம். தப்பில்லை, ஆனா பகிர்வு இல்லை. நிஜமாகவே பகிர வேண்டிய புயல் இரவில் கிரிட்டே செத்துக் கிடக்கும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! அதனால் சப்ளை போனதும் கருவி தெருக் கம்பியிலிருந்து துண்டித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்கு அடுத்த வருஷமே நிஸான் லீஃப் காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி வந்தது. வீட்டுக்குத்தான், தெருவுக்கு இல்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓட வேண்டும். ராத்திரி முழுக்க ஓடினால் மூன்று, நாலு யூனிட். இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம், மதில் தாண்டி ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போதும். நம் வீட்டிலேயே யாருக்காவது முடியாமல் போய் ஜிப்மருக்கு ஓட வேண்டி வந்தால் என்று 20 சதவீதம் ஒதுக்கி வைப்பது நியாயம். 80 சதவீதம் ஒதுக்கினால்? அதையும் முன்ஜாக்கிரதை என்றுதான் சொல்லிக்கொள்வோம்.